பால் கொட்டியும் சுடாத கால்: ஒரு டீ மாஸ்டரின் நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் 26 வருஷமாக டீ போடுகிறவன் நான். எழுத்து எனக்கு அவ்வளவாக ஓடாது. நான் சொல்லச் சொல்ல மகள் போனில் அடிக்கிறாள். 11 வாரம் வீட்டில் கிடந்துவிட்டு வருகிற திங்கட்கிழமை மறுபடி பட்டறையில் ஏறுகிறேன். அதற்கு முன்னால் சிலருக்கு நன்றி சொல்லியாக வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள். அதனால் யார் பெயரும் இல்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி ஆட்டோ தம்பிக்கு. அன்றைக்கு ராத்திரிக் கூட்டத்தில் பால் சட்டி சாய்ந்து இடது கால் மேல் கொட்டியது. கொதிக்கிற பால். எனக்கு ஏதோ ஈரமாக இருந்த மாதிரிதான் பட்டது. துணியால் துடைத்துவிட்டு அடுத்த டீயை ஆற்றினேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் புறங்காலில் உளுந்து வடை அளவுக்குக் கொப்புளம். வீட்டுக்காரி பதறினாள். "வலியே இல்லடி, சும்மா இரு" என்று பற்பசையைத் தடவிக்கொண்டு படுத்துவிட்டேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் காலையில் டீ குடிக்க வந்த தம்பி தரையைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், நீங்க நடக்குற இடமெல்லாம் ஈரத் தடமா இருக்கே, அது தண்ணி இல்லையே" என்றான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு என்னை வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனையில் இறக்கினான். காசு வாங்கவில்லை.

கட்டுப் போடுகிற அண்ணனுக்கு அடுத்த நன்றி. "பேஸ்ட்டு பல்லுக்குத்தான் மாஸ்டர்" என்று திட்டிக்கொண்டேதான் கழுவிவிட்டார். செத்த தோலைக் கத்தரித்தபோதும் எனக்கு வலிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், "உனக்கு நல்ல தைரியம்ப்பா" என்று பாராட்டினார். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "கத்திருந்தீங்கன்னா சந்தோஷப்பட்டிருப்பேன்" என்றார்.

அது ஏன் என்று சொல்லித்தந்தவர் சின்ன டாக்டரம்மா. என் மகளைவிட நாலு வயதுதான் கூட இருக்கும். கண்ணை மூடச் சொல்லி, மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் அங்கங்கே வைத்து அழுத்தினார். பட்டால் "ம்" சொல்லச் சொன்னார். நான் காத்துக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறந்தால் சோதனை முடிந்திருந்தது. இடது காலில் 10 இடத்தில் 7 இடம் எனக்குத் தெரியவே இல்லை. வருஷக்கணக்கில் சர்க்கரை ஏறியே இருந்தால் நரம்பு கெடும், உடம்பிலேயே நீளமான நரம்பு காலுக்குப் போவதால் அங்கேதான் முதலில் மரத்துப்போகும் என்றார். ரெண்டு வருஷமாக ராத்திரியில் பாதம் எரிந்தது, பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருந்தது. நின்று வேலை செய்கிற அலுப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். அப்புறம் எரிச்சல் தானாக நின்றது. குணமாகிவிட்டது என்று நினைத்தேன். நரம்பு பேச்சை நிறுத்தியதுதான் அது.

டாக்டரம்மாவிடம் ஒரு பொய்யும் சொல்லியிருந்தேன். சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது என்று. ஒவ்வொரு தடவையும் ரத்தம் கொடுக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னால் சோற்றைக் குறைத்து, மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு போவேன். சீட்டில் நல்ல எண் வரும். மறுநாள் பழையபடி. இந்த முறை ஹெச்பிஏ1சி என்கிற ரத்தச் சோதனை எடுத்தார்கள். 10.8. "இது ஒருநாள் கல்லா இல்ல மாஸ்டர், மூணு மாசக் கணக்கு நோட்டு" என்றார். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்குமாம். அத்தனை நாளும் ஒட்டிய சர்க்கரை அதிலேயே பதிந்திருக்குமாம். பெரும்பாலானவர்களுக்கு 7-க்குக் கீழே இருந்தால் நல்லது என்றார். கணக்கு நோட்டு என்று சொன்னதால் எனக்குப் பிடிபட்டது. கடைக்காரனுக்குக் கடை பாஷையில் சொன்னதற்கே தனியாக ஒரு நன்றி.

பிறகு, "ஒரு நாளைக்கு எத்தனை டீ?" என்றார். ரெண்டு என்றேன். அது நான் உட்கார்ந்து குடிப்பது. ருசி பார்க்கிறேன் என்று அரை கிளாஸ் அரை கிளாஸாக உள்ளே போனதை அவர் கேட்ட பிறகுதான் எண்ணினேன். எப்படியும் 15 தேறும். அரை கிளாஸுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்தாலே 15 ஸ்பூன். 70 கிராமுக்குப் பக்கம்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் எங்கள் தெருவுக்கு மாத்திரை கொண்டு வருகிற தங்கச்சியிடம் நான் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டும். 2021 ஆகஸ்ட்டில் அந்தத் திட்டம் வந்த கொஞ்ச நாளில் இருந்தே வீடு தேடி வருகிறார். பிரஷர் பார்ப்பார், மாத்திரை தருவார். நான் வாங்கி ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் அடுக்கிவிடுவேன். கால் புண்ணான பிறகு வந்தவர் எல்லா அட்டையையும் எடுத்துத் தரையில் பரப்பி எண்ணினார். பிரிக்காத அட்டை 14. ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அடுத்த மாதத்திலிருந்து புது அட்டை தருவதற்கு முன்னால் காலி அட்டையைக் காட்டச் சொல்கிறார். 52 வயதில் வீட்டுப்பாடம் காட்டுகிற மாதிரி காட்டுகிறேன்.

செருப்புத் தைக்கிற பெரியவரைப் பற்றி மகள் இன்னும் விரிவாக எழுதச் சொல்கிறாள். எம்சிஆர் என்கிற மெத்தென்ற ரப்பர் வைத்து, விரலிடுக்கில் வார் இல்லாமல், பின்னால் பட்டையோடு எனக்கென்று அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தார். ஒரே இடத்தில் பாரம் விழாமல் பாதம் முழுக்கப் பரவுமாம். அளவெடுக்கச் சாயங்காலம் வரச் சொன்னார். அப்போதுதான் கால் லேசாக உப்பி இருக்கும், செருப்பு கடிக்காது என்றார். இந்த மாதிரிச் செருப்பு முதலில் தொழுநோயாளிகளுக்காக வந்தது என்றும் சொன்னார். 1946-இல் வேலூர் சிஎம்சிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், நோய் விரலைத் தின்பதில்லை, உணர்ச்சி போன கையும் காலும் தெரியாமல் பட்டுப் பட்டுத்தான் அழிகின்றன என்று கண்டுசொன்னாராம். தணலில் கை வைத்தாலும் அவர்களுக்குச் சுடாது. என் காலும் பாலும் ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பெரியவர் பாட்டுக்கு ஊசி கோத்துக்கொண்டிருந்தார்.

முதலாளிக்கு ஒரு கும்பிடு. பாதிச் சம்பளம் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. புண் ஆற மருந்தைவிடக் காலை ஊன்றாமல் இருப்பதுதான் பெரிது என்று டாக்டரம்மா சொன்னதை அவரிடம் போய்ச் சொன்னவன் ஆட்டோ தம்பி. இப்போது பட்டறைக்குப் பின்னால் ஒரு உயர ஸ்டூல் போட்டிருக்கிறாராம். டீ மாஸ்டர் உட்கார்ந்து டீ ஆற்றினால் டீ இறங்காது என்று கேலி பேசப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எழுந்து நின்றுதான் ஆற்றுவேன், மற்ற நேரம் உட்காருவேன். ருசி பார்க்கப் பையன் இருக்கிறான்.

போன வாரம் எடுத்த ஹெச்பிஏ1சியில் 7.6. புண் மூடிவிட்டது. மரத்த இடம் மரத்ததுதான், திரும்பி வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. இனிமேல் கோயிலுக்கும் விடியற்காலையில்தான், மதியக் கல்தரை எனக்கு ஆகாது.

கடைசியில் வீட்டுக்காரி. அவளுக்கு நன்றி சொன்னால் "வேற வேலை இல்லையா" என்பாள். வெந்நீரை என் காலில் ஊற்றும் முன் அவள் கையில் ஊற்றிப் பார்க்கிறாள். விரலிடுக்கை ஈரமில்லாமல் ஒற்றுகிறாள். தேங்காயெண்ணெயைப் பாதத்தில் தடவி இடுக்கை மட்டும் விட்டுவிடுகிறாள். நகத்தை நேராகத்தான் வெட்டுகிறாள். செருப்பைத் தலைகீழாகத் தட்டி, கல் கிடக்கிறதா என்று உள்ளே கைவிட்டுப் பார்க்கிறாள். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு என் பாதத்தை மடியில் வைத்து டார்ச் அடித்துப் பார்க்கிறாள். முதல் வாரம் எனக்குக் கூச்சமாக இருந்தது, காலை இழுத்துக்கொண்டேன். முட்டியில் ஒரு அடி விழுந்தது. அது நன்றாகவே உறைத்தது.

மணி ஒன்பதாகப் போகிறது. டார்ச்சைக் காணோம் என்று தேடிக்கொண்டிருக்கிறாள். மகள் போனிலேயே வெளிச்சம் இருக்கிறதாம். போனைக் கொடுத்தாக வேண்டும்.