சாயம் ஏற்றாமலே ஒளிரும் செல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒளி பட்டதும் வேறு நிறத்தில் ஒளிரும் பொருள்களைக் காட்டும் புளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையும் வண்ணப் படங்களும் அருமை. ஆனால் அதைப் படித்து முடிக்கும் மாணவர், சாயமோ ஒளிரும் புரதமோ ஏற்றினால்தான் செல் ஒளிரும் என்று நினைத்துக்கொள்வார். எதையும் ஏற்றாத செல்லும் தானாகவே ஒளிரும். சாயம் போட்டுப் பார்ப்பவர்களுக்கு அது தொந்தரவு. ‘பேக்ரவுண்ட்’ என்று சொல்லி, ஃபில்டர் மாற்றியோ கணினியில் கழித்தோ ஒதுக்கிவிடுவார்கள். கட்டுரையும் ஒரே வரியில் அப்படித்தான் ஒதுக்கிவிட்டது. உயிருள்ள செல்லைப் பற்றி அந்த வெளிச்சம் சொல்வதைச் சாயத்தால் சொல்ல முடியாத இடங்கள் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

குளத்து வேலம்பாசியில் ஒரு இலையைக் கிள்ளி, ஒரு சொட்டுத் தண்ணீரில் ஸ்லைடில் வைத்து நீல ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். பச்சையம் நிறைந்த பசுங்கணிகங்கள் ரத்தச் சிவப்பாக ஒளிர்ந்தபடி செல் சுவரோரமாக ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து போகும். பச்சையம் உள்வாங்கிய ஒளியில் ஒரு சிறு பங்கு இப்படிச் சிவப்பாகத் திரும்பி வருகிறது. சூரியகாந்தித் தண்டை மெல்லிசாகச் சீவி புற ஊதா ஒளியில் வைத்தால், தண்ணீரை மேலே கொண்டுபோகும் சைலக் குழாய்களின் சுவர், அதைக் கெட்டியாக்கும் லிக்னின் என்ற பொருளால் நீலமாக எழும். அந்தச் சுவருக்குச் சிவப்பு ஏற்றும் சாஃப்ரனின் சாய பாட்டிலைத் திறக்கவே வேண்டாம்.

விலங்கு செல்லில் பச்சையம் கிடையாது. அங்கே முக்கியமாக ஒளிர்வது, உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்களைச் சுமந்து செல்லின் ஆற்றல் கணக்கைப் பார்க்கும் இரண்டு மூலக்கூறுகள்: என்.ஏ.டி.ஹெச்., எஃப்.ஏ.டி. என்.ஏ.டி.ஹெச். மீது 340 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய புற ஊதா ஒளி பட்டால் 450-ஐ ஒட்டி நீலமாக ஒளிரும். எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டால் அணைந்துவிடும். எஃப்.ஏ.டி. நேர் எதிர்: எலக்ட்ரான் இல்லாதபோதுதான் 530-ஐ ஒட்டிப் பச்சையாக ஒளிரும். ஒரு லாரி சரக்கோடு போகும்போது மட்டும் விளக்குப் போடுகிறது, இன்னொன்று காலியாக வரும்போது மட்டும் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்குகளை எண்ணியே சரக்குப் போக்குவரத்தைச் சொல்லிவிடலாம். ஆக்சிஜனை நிறுத்தினால் நீலம் கூடும், பச்சை குறையும். திரும்பக் கொடுத்தால் தலைகீழாக மாறும். செல் உயிரோடு இருக்கும்போதே, அதைத் தொடாமலே இதைப் பார்க்கலாம்.

இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பிரிட்டன் சான்ஸும் அவர் குழுவினரும் உயிருள்ள எலியின் மூளையிலும் சிறுநீரகத்திலும் இந்த நீல ஒளியின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து பதிவுசெய்து 1962-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டுவிட்டார்கள். (அதே மனிதர் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்றவர். எப்படித்தான் நேரம் கிடைத்ததோ!)

கடலில் நடந்தது இன்னும் சுவையானது. 1980-களில் கடல் ஆய்வாளர்கள் சாலி சிஸ்ஹோமும் ராபர்ட் ஓல்சனும், செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரைக் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டு போய்க் கடல்நீரை அதில் ஓடவிட்டார்கள். லேசர் பட்டதும் மிக மங்கலான சிவப்புப் புள்ளிகள் வந்தன. கருவியின் இரைச்சல் என்று தள்ளியிருக்கலாம். தள்ளாமல் துரத்திப் போனதில் கிடைத்ததுதான் புரோகுளோரோகாக்கஸ். 1988-இல் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தார்கள். ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லாத இந்த நுண்ணுயிர்தான் பூமியில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் எண்ணிக்கையில் முதலிடம். அதைக் காட்டிக்கொடுத்தது அதன் சொந்த ஒளி.

மருத்துவத்துக்கு இது ஏன் முக்கியம் என்றால், நோயாளியின் டி செல்களை (நோய் எதிர்ப்புக்கான ஒரு வகை வெள்ளை அணுக்கள்) எடுத்து, மாற்றியமைத்து, திரும்ப அவர் உடம்பிலேயே செலுத்தும் சிகிச்சை வந்துவிட்டது. திரும்பப் போக வேண்டிய செல்லில் சாயம் ஏற்ற யாரும் விரும்புவதில்லை. தூண்டப்பட்ட டி செல்லையும் ஓய்வில் இருப்பதையும் இந்த இயற்கை ஒளிர்வைக் கொண்டே பிரிக்கலாம் என்று அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆய்வாளர் மெலிசா ஸ்காலா குழுவினர் 2020-இல் காட்டினார்கள். நிறத்தை மட்டுமல்ல, ஒளிர்வு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும் அளக்கிறார்கள். தனித்து மிதக்கும் என்.ஏ.டி.ஹெச். சுமார் 0.4 நானோ நொடியில் (ஒரு நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) அணையும். புரதத்தோடு ஒட்டியிருந்தால் அதைவிடப் பல மடங்கு நீடிக்கும்.

இதற்காகச் சாயங்களின் காலம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பாக்டீரியாக்களை வகைப்படுத்தும் கிராம் ஸ்டெயின் சாயமுறையை யாரும் தூக்கிப்போடப் போவதில்லை. இயற்கை ஒளிர்வு மங்கல். என்.ஏ.டி.ஹெச்.சின் நெருங்கிய உறவான என்.ஏ.டி.பி.ஹெச்.சும் அதே நீலத்தில்தான் ஒளிரும், நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. வயதான செல்லில் சேரும் லிப்போஃபஸ்கின் என்ற கழிவு நிறமி, திசுவில் இருக்கும் கொல்லாஜன் புரதம், செல்லை வளர்க்கும் ஊடகத்தில் உள்ள ரைபோஃப்ளேவின் வைட்டமின், எல்லாம் கூடவே ஒளிர்ந்து குழப்பும். கெடாமல் வைக்க ஃபார்மலினில் போட்ட திசு தன் பங்குக்கு ஓர் ஒளிர்வைச் சேர்க்கும். புற ஊதா ஒளி செல்லையே காயப்படுத்தும் என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1990-இல் உருவான இரு ஃபோட்டான் மைக்ரோஸ்கோப் அகச்சிவப்பு ஒளியால் தூண்டி இந்தச் சேதத்தைப் பெருமளவு குறைத்தது. ஆனால் அதன் விலை நம் கல்லூரிகளுக்கு எட்டாது.

எட்டுவதையாவது பயன்படுத்துகிறோமா? நான் பார்த்த கல்லூரிகள் சிலவற்றில் புளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப், கல்லூரியைச் சோதிக்க ஆய்வுக்குழு வரும் நாளில்தான் உறையைவிட்டு வெளியே வருகிறது. பாதரச விளக்கு இருநூறு முந்நூறு மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்று பயந்து மூடிவைத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டது, அந்தச் சாக்கும் இல்லை. சாயம் வாங்கக் காசு ஒதுக்கவில்லை என்றாலும் வேலம்பாசிக்குப் பஞ்சமில்லை.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள். தொடரின் அடுத்த பகுதியில், சாயம் ஏற்றிய செல்லின் படத்துக்குப் பக்கத்திலேயே, ஒன்றும் ஏற்றாத அதே வகைச் செல்லின் படத்தையும் வெளியிடுங்கள். எந்த அலைநீள ஒளியில், எத்தனை நொடி எடுத்த படம் என்று கீழே குறிப்பிடுங்கள். நிறம் கணினியில் சேர்த்ததா, கண்ணில் பட்டதா என்பதையும் சொல்லிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியை,
திருச்சி.