ஜீனோடைப்புக்காகக் காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்ட இளைஞர்கள் கைது என்ற செய்தி தமிழகத்தின் ஏதாவது ஓர் ஊரிலிருந்து அடிக்கடி வருகிறது. எத்தனை மாத்திரை, எத்தனை சிரிஞ்சு பறிமுதல் என்ற கணக்கோடு அது முடிந்தும் விடுகிறது. அந்தச் சிரிஞ்சு எத்தனை கை மாறியது என்று யாரும் கேட்பதில்லை. ரத்தம் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமியை அறிந்தவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஸ்காட் என்ற சிறிய மாவட்டத்தில் நடந்ததும் இதே மாத்திரை விவகாரம்தான். ஆக்சிமார்ஃபோன் என்ற வலி மாத்திரையைக் கரைத்து, ஒரே சிரிஞ்சைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். 2015 நவம்பருக்குள் 181 பேருக்கு எச்ஐவி உறுதியானது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ஹெபடைடிஸ் சி-யும் இருந்தது. மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்தபோது எச்ஐவி ஏறக்குறைய எல்லோரிடமும் ஒரே கிளை. அண்மையில் நுழைந்து வேகமாகப் பரவியது. சி கிருமியோ 1ஏ, 3ஏ என்ற மரபணு வகைகளில் (ஜீனோடைப்) பல கிளைகளாகக் கிடந்தது. அதாவது அது பல முறை, பல வழியில் ஏற்கெனவே ஊருக்குள் வந்து சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஊசிப் பகிர்வுக்கு அதுவே முன்னறிவிப்பு, கவனிப்பார் இல்லை. எச்ஐவி வெடித்த பிறகுதான் அங்கே பழைய ஊசிக்குப் புதிது தரும் ஊசி மாற்றுத் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது.

இந்தக் கிருமி சிரிஞ்சுக்குள் பிடிவாதமாக உயிர்வாழும். ஊசியைக் கழற்றி மாட்டும் வகைச் சிரிஞ்சில், பிஸ்டனைக் கடைசி வரை அழுத்திய பிறகும் சுமார் 84 மைக்ரோலிட்டர் திரவம் தங்கிவிடும். ஊசி பிரியாமல் சேர்ந்தே வரும் இன்சுலின் சிரிஞ்சில் தங்குவது சுமார் 2 மைக்ரோலிட்டர்தான். முதல் வகைச் சிரிஞ்சில் கிருமி 63 நாட்கள் வரை தொற்றும் திறனோடு இருந்ததை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ‘புது ஊசி மாட்டிக்கொண்டேன், சிரிஞ்சு மட்டும்தான் பழையது’ என்பது அதனால் பாதுகாப்பு ஆகாது. தண்ணீரில் அலசுவதையும் முனையைத் தீயில் காட்டுவதையும் நம்ப முடியாது, உள்ளே கிருமி மிஞ்சலாம். மாத்திரை கரைத்த மூடி, வடிகட்டிய பஞ்சு, எல்லோரும் சிரிஞ்சை முக்கி எடுத்த தண்ணீர் டம்ளர் ஆகியவையும் தொற்றைக் கடத்தும். பிறர் சிரிஞ்சை வாங்கிப் போடாதவருக்குக்கூட சி வருவது இந்த வழியில்தான்.

இனி வகைகளுக்கு வருகிறோம். சி கிருமியில் எட்டு ஜீனோடைப்கள் உண்டு; ஒன்றுக்கொன்று மரபணு எழுத்துகளில் சுமார் 30 சதவீதம் வேறுபடும். இந்தியாவில் அதிகம் காணப்படுவது மூன்றாவது. தெற்கில் முதலாவதன் பங்கு வடக்கைவிடக் கூடுதல். மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம் பக்கம் ஊசி போதையாளர்களிடம் ஆறாவதும் 3பி-யும் தென்படுகின்றன. எகிப்தில் பெருவாரியாக இருந்தது நான்காவது. அங்கே அது பரவியது போதையால் அன்று, நத்தைக் காய்ச்சலுக்கு (நத்தை வழியே பரவும் ஒட்டுண்ணி நோய்) அரசே போட்ட ஊசிகளைச் சரியாகக் கொதிக்க வைக்காததால். எட்டாவது வகை கனடாவில், பஞ்சாபை பூர்வீகமாகக் கொண்ட சிலரிடம் கண்டறியப்பட்டு 2018-ல் அறிவிக்கப்பட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு ரிப்போர்ட்டில் ‘3ஏ’ என்று பார்த்ததும் ‘இவன் ஊசி போடுகிறவன்’ என்று முடிவுகட்டும் படித்தவர்களும் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் 3ஏ-வுக்கும் ஊசி போதைக்கும் தொடர்பு உண்டு. இந்தியாவில் அது எல்லோரிடமும் இருக்கும் வகை. 2001-ல் தானம் தரும் ரத்தத்துக்கு சி பரிசோதனை கட்டாயமாவதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்ட பாட்டிக்கும், டயாலிசிஸ் செய்பவருக்கும், அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா குழந்தைக்கும் அதே 3ஏ வரலாம். ஜீனோடைப்பை வைத்து ஒருவரின் நடத்தையைச் சொல்ல முடியாது.

சிகிச்சைக்கும் இப்போது அது பெரும்பாலும் தேவையில்லை. இன்டர்ஃபெரான் ஊசியே மருந்தாக இருந்த காலத்தில் வகையைப் பொறுத்து 24 வாரமா 48 வாரமா என்று முடிவு செய்தார்கள். இன்று சோபோஸ்புவிர் 400 மில்லிகிராமுடன் டக்லாடஸ்விர் 60 அல்லது வெல்படஸ்விர் 100 சேர்ந்த கூட்டு எல்லா வகைகளுக்கும் வேலை செய்கிறது. 12 வாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குணமாகிறார்கள். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இருந்தும் வெளியில் சில ஆயிரம் செலவழித்து ஜீனோடைப் பார்த்து, ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்து, அதற்குள் நோயாளி காணாமல் போவது நடக்கிறது. அந்தப் பணம், கிருமியின் மரபுப்பொருளையே தேடும் ஆர்என்ஏ பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டியது.

ஆன்டிபாடி (கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் புரதம்) பாசிட்டிவ் என்றால் கிருமி எப்போதோ வந்தது என்று மட்டுமே பொருள். நூற்றில் முப்பது பேருக்கு அது தானாகவே போய்விடும். ஆன்டிபாடி மட்டும் ஆயுசுக்கும் நிற்கும். இப்போது உள்ளே இருக்கிறதா என்று ஆர்என்ஏ பரிசோதனைதான் சொல்லும். மறுபக்கமும் உண்டு: தொற்றிய 8 முதல் 11 வாரங்கள் வரை ஆன்டிபாடி தெரியாமல் இருக்கலாம். ஆர்என்ஏ ஒன்றிரண்டு வாரத்திலேயே தெரியும். போன மாதம் சிரிஞ்சைப் பகிர்ந்தவரின் ‘நெகட்டிவ்’வை நம்பி அனுப்பிவிடக் கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் எடுத்த ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவை அன்றைக்கே பிரித்துவிட வேண்டும் என்பதையும் சேகரிப்பு மையங்களுக்கு நினைவூட்டலாம்; வெயிலில் பையில் அலைந்த மாதிரியில் ஆர்என்ஏ சிதைந்து அளவு குறைவாக வரும்.

அடுத்தது கல்லீரலில் சிரோசிஸ், அதாவது தழும்பேறி இறுகிய நிலை, உண்டா என்ற கேள்வி. மஞ்சள் காமாலை வரவில்லை என்பதும் கீழாநெல்லி குடித்துச் சரியாகிவிட்டது என்பதும் இதற்குப் பதிலாகாது. பெரும்பாலோருக்குப் பல வருடங்கள் எந்த அறிகுறியும் இருக்காது. ஏப்ரி என்ற எளிய கணக்கு போதும்: ரத்தத்தில் ஏஎஸ்டி என்ற நொதியின் அளவை ஆய்வகத்தின் இயல்பு உச்சத்தால் வகுத்து, நூறால் பெருக்கி, ஆயிரக்கணக்கில் எழுதிய பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஏஎஸ்டி 80, உச்சம் 40, பிளேட்லெட் 1 லட்சம் என்றால் விடை 2. அங்கிருந்து மேலே சிரோசிஸ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிரோசிஸ் இல்லையென்றால் சோபோஸ்புவிர் – டக்லாடஸ்விர் 12 வாரம். இருந்தால் டக்லாடஸ்விருக்குப் பதில் வெல்படஸ்விர். வயிற்றில் நீர் கட்டும் அளவுக்குப் போயிருந்தால் அத்துடன் ரிபாவிரின். ரிபாவிரின் ரத்தசோகை தரும், கருவுக்கும் ஆகாது.

சிகிச்சை சொதப்புவதற்குக் காரணம் பல நேரம் கிருமி இல்லை, கூட விழுங்கும் மாத்திரை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான பெனிடாயின், கார்பமசெபைன் ஆகியவை இந்த மருந்துகளின் அளவை ரத்தத்தில் சரித்துவிடும். வெல்படஸ்விருக்கு வயிற்றில் அமிலம் வேண்டும். கடையில் தானாக வாங்கிப் போடும் ஒமிப்ரசோல் அதைக் கெடுக்கும். இதயத்துடிப்பைச் சீராக்கத் தரும் அமியோடரோனோடு சோபோஸ்புவிர் சேர்ந்தால் இதயத்துடிப்பு ஆபத்தாகக் குறையும். ஹெபடைடிஸ் பி-யும் கூடவே இருந்தால், சி அடங்கியதும் பி தலைதூக்கலாம். தொடங்கும் முன் எச்பிஎஸ்ஏஜி என்ற பி பரிசோதனை பார்ப்பது அதற்காகத்தான். போதைக்குப் பதிலாக மருத்துவர் தரும் புப்ரெனார்ஃபின், மெத்தடோன் மாற்று மருந்து எடுப்பவர்களுக்கு எந்தத் தடையும் கிடையாது. ‘முதலில் போதையை விடட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று திருப்பி அனுப்புவதற்கு மருத்துவக் காரணமே இல்லை. அப்படி அனுப்பப்பட்டவரின் சிரிஞ்சிலிருந்து இன்னொருவருக்குப் போகும்.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ஆர்என்ஏ இல்லையென்றால் குணம். ஆனால் எதிர்ப்பு சக்தி நிற்காது, தடுப்பூசியும் இல்லை. மறுபடி பகிர்ந்தால் மறுபடி வரும். ஜீனோடைப்புக்கு உண்மையான வேலை இங்கேதான். முன்பு 3ஏ, இப்போது 1ஏ என்றால் அது புதுத் தொற்று, அதே மருந்தை மீண்டும் கொடுக்கலாம். அதே வகை என்றால் பழையது திரும்பியதா புதிதா என்று மரபணு வரிசையை ஒப்பிட வேண்டும். அதற்கு முதல் மாதிரியில் கொஞ்சம் சீரத்தை மைனஸ் 70 டிகிரிக்குக் கீழே உறைய வைத்திருந்தால் போதும், நோயாளி யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். 3பி விதிவிலக்கு: வெல்படஸ்விர் கூட்டுக்கு, சிரோசிஸ் வந்த 3பி நோயாளிகளில் பாதிப் பேருக்கே பலன் கிடைத்ததாக சீனாவில் தெரியவந்தது. சிரோசிஸ் உள்ளவர் வடகிழக்கில் இருந்து வந்தவரென்றால் வகையைப் பார்ப்பது நியாயம். குணமானாலும் சிரோசிஸ் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும்; புற்றுநோய் அபாயம் முழுதும் போவதில்லை.

மறுவாழ்வு மையங்களில் சேர்க்கும் நாளிலேயே எச்ஐவி-யுடன் சி ஆன்டிபாடியும், பாசிட்டிவ் என்றால் அதே ரத்தத்தில் ஆர்என்ஏ-வும் பார்க்க உத்தரவிடுமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம். தங்கள் நாளிதழும் அடுத்த மாத்திரைக் கைதுச் செய்தியின் கீழே, அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனை இலவசம் என்ற ஒரு வரியைச் சேர்த்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கல்லீரல் நோய்ப் பிரிவிலும் ஆய்வகத்திலும் பணிபுரியும் வாசகர்கள்,
மதுரை