கறள் பிடித்த மொரிஸும் கையில் உள்ள சல்லியும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான் ரகு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வந்தாறுமூலைக் கம்பஸ் கிடைத்ததைக் கேட்டு இங்கே மனுசிக்குப் பெரிய புழுகம். ஹொஸ்டல் கிடைக்கும்வரை பிள்ளை எங்களோடு நிற்கட்டும். வாடகை, அது இது என்று கதைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

சரி, அப்பாவின் பழைய ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் காரைத் திருத்துவதா, பழைய இரும்புக்குக் கொடுப்பதா என்று கேட்டிருந்தாய். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல் திறந்தார்கள், ஆனால் வரியோடு வரும் விலையை நம்மைப் போன்றவர்கள் கேட்டுவிட்டு வீட்டுக்கு வரலாம், அவ்வளவுதான். ஓடுகிற வண்டியைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் எந்த இடத்தில் சல்லியை இறக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என் மொரிஸ் மைனரும் உன் கேம்பிரிட்ஜும் தனிச் சேஸிஸ் இல்லாத வண்டிகள். உடம்புத் தகடுதான் பாரத்தைத் தாங்குகிறது. மட்கார்டில் கறள், அதாவது துரு, இருந்தால் அது அசிங்கம் மட்டுமே. கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற ‘சில்’ என்கிற தகடு (உருள்கிற சில்லு இல்லை), ஜக் வைக்கிற இடம், பின் ஸ்பிரிங் பூட்டியிருக்கிற இடம், இவற்றில் இருந்தால் ஆபத்து. கராஜில் ஒருவர் முழுப் பெயின்ட் வேலைக்கு ஒரு தொகை சொன்னார். அதைக் கேட்டதும் பெயின்டை விட்டுவிட்டேன். அந்தச் சல்லியில் ஒரு பங்கை அடிப்பக்கத்துக்கே போட்டேன்.

பார்ப்பதற்குப் பெரிய சாமான் தேவையில்லை. பழைய ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றி அதன் காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துக்கொள். தகட்டில் ஒட்டாத இடத்தில் உள்ளே இருப்பது பில்லர், அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பசை. மறுகா ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்திப் பார். நல்ல தகடு என்றால் பெயின்ட் மட்டும் கீறுப்படும். இறங்கினால் அங்கே தகடு இல்லை என்று வைத்துக்கொள். என் இடப்பக்கச் சில்லில் அது பிடிவரை இறங்கியது. வெட்டித் திறந்து பார்த்தால், உள்ளே மண்ணும் மக்கிய இலையும், அதற்கு மேல் சுருட்டி அடைத்த சிங்களப் பத்திரிகைத் தாள், அதற்கு மேல் விரல் தடிப்பத்தில் பில்லர். முன்பு யாரோ செய்த வேலை. வெளியே கண்ணாடி மாதிரி மினுங்கியது! பில்லர் ஈரத்தை உறிஞ்சும், கறளுக்கு மேல் பூசினால் அடியில் தின்றுகொண்டே போகும்.

வெல்டிங்தான் செலவு. இந்த மெல்லிய தகட்டில் சாதாரண ஆர்க் வெல்டிங் பிடித்தால் ஓட்டைதான் மிஞ்சும். மிக் மெஷின், அதாவது மெல்லிய கம்பியைத் தானே ஊட்டி ஒட்டுகிற மெஷின், வைத்திருக்கிற டிங்கரைத் தேடு. அவரும் ஒரே இழுவையில் போகாமல் இடம் மாற்றி மாற்றிப் புள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தகடு நெளியும். கழித்துப் போட்ட வான் ஒன்றின் கூரைத் தகட்டை வாங்கி நானே வெட்டி வளைத்துக் கொடுத்தேன். கறளைச் சுரண்டி, நல்ல இரும்பு வரும்வரை வெட்டுவதையும் நானே செய்தேன். டிங்கருக்குக் கூலி ஒட்டுவதற்கு மட்டும். பட்டரி வயரைக் கழற்று, கார்ப்பெட்டை வெளியே எடு, பெட்ரோல் டாங்கிக்குக் கிட்ட வேலை என்றால் டாங்கியையே இறக்கி வை. நாகம் (துத்தநாகம்) பூசின கூரைத் தகரம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதை அப்படியே ஒட்டினால் அந்தப் புகை காய்ச்சல் கொண்டு வரும். இங்கே தோணிக்குப் பூசுகிற பைபர் கிளாஸ் வேலையைக் கேட்டிருந்தாய். மட்கார்டுக்குப் பரவாயில்லை, சில்லுக்கு வேண்டவே வேண்டாம்.

ஓட்டை விழாத இடத்துக்கு வயர் பிரஷ், அப்புறம் பொஸ்போரிக் அமிலம் கலந்த கறள் மாற்றி. பழுப்பு கறுப்பாக மாறும். அதற்கு முன் உப்பைக் கழுவ வேண்டும். எங்கள் கிணறு உவர், அதனால் பைப் தண்ணீரை வாளியில் எடுத்தேன். நன்றாகக் காய்ந்த அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். இந்தக் கடற்காற்றில் வெறும் தகட்டை இரவில் விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். ரெட் ஒக்சைட் மட்டும் போதும் என்பார்கள், கேட்காதே. அது ஈரத்தை உள்ளே விடும், மேலே ஏதாவது பெயின்ட் வேண்டும். மூட்டுகளுக்கு சீலர்.

சில்லின் அடியிலும் கதவின் அடியிலும் தண்ணீர் வடிகிற சின்னத் துளைகள் இருக்கும். அவற்றை ஒருபோதும் அடைக்க விடாதே, வெல்டிங்காரர் ஆர்வத்தில் மூடிவிடுவார். எல்லாம் காய்ந்த பிறகு உள்ளே கிரீஸும் எண்ணெயும் கலந்து விட்டேன். பிரேக் ஹோஸில் படாமல் பார்த்துக்கொள், ரப்பர் ஊதிப்போகும்.

ஒன்று தெரியுமா, 1990களில் நம் நாட்டிலேயே மைனருக்குத் தகடு செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். இங்கே ஒரு சில்லுக்கு நான் வான் கூரையை வெட்டிக்கொண்டு நிற்கிறேன்!

இப்போது வண்டி அரைவாசி சாம்பல், அரைவாசி பழைய பச்சை. மனுசி அதில் மாமாங்கத் தீர்த்தத்துக்கு வரமாட்டேன் என்கிறாள். பெயின்ட் அடுத்த வருசம் பார்க்கலாம். அவளுக்கும் இதையேதான் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மகளைக் கொண்டுவந்து விட நீயும் வருவாய்தானே? அதற்கு முன் ஒஸ்டினின் அடியில் படுத்து, போனில் படம் பிடித்து அனுப்பு. மேல் பக்கப் படம் வேண்டாம், அதைப் பார்த்தால் எனக்கு ஆசைதான் வரும்.

இப்படிக்கு,
உன் மச்சான்
சிவா