ஹேண்டில்பாருக்குள் மறையும் வயர்களும் மலைப்பாதைப் பயணமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையில் இருசக்கர வாகன விபத்து நேரும்போதெல்லாம் வேகம், மது, தலைக்கவசம் ஆகிய மூன்றைப் பற்றியே செய்திகளிலும் வாசகர் கடிதங்களிலும் பேசப்படுகிறது. அவை பேசப்பட வேண்டியவைதாம். குன்னூரில் இருசக்கர வாகனங்களுக்கு வயரிங் வேலை பார்த்து வருபவன் என்ற முறையில், வெளியே தெரியாத இன்னோர் ஆபத்தையும் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். ஹேண்டில்பாரின் மேல் ஓடும் சுவிட்ச் வயர்களைக் குழாயில் துளையிட்டு உள்ளே செலுத்தி மறைத்துக்கொள்ளும் வழக்கம் இளைஞர்களிடையே பரவியிருக்கிறது. அந்த வேலை எப்படிச் செய்யப்படுகிறது என்பதைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது.

அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. வயர் தெரியாத ஹேண்டில்பார் பார்வைக்கு அழகு. ஹார்லி டேவிட்சன் போன்ற நிறுவனங்கள் சில மாடல்களில் தொழிற்சாலையிலேயே வயர்களை உள்ளே விட்டுத்தான் அனுப்புகின்றன. ஆனால் அங்கே துளையின் இடமும் விளிம்பும் வயரின் நீளமும் முன்கூட்டியே திட்டமிடப்பட்டவை. நம் ஊர்களில் நடப்பது அப்படியில்லை.

அண்மையில் அருவங்காட்டு இளைஞர் ஒருவர் தம் வண்டியைக் கொண்டுவந்தார். நேராக நிறுத்தியிருக்கும்போது ஹெட்லைட், ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் வேலை செய்தன; ஹேண்டிலை இடப்பக்கம் முழுவதும் ஒடித்தால் ஹெட்லைட் அணைந்துவிடும். ஹெட்லைட்டைக் கழற்றிப் பார்த்தேன். குழாயின் நடுவில் வயர்கள் வெளியேறும் துளையில், டிரில் போட்டபோது எழுந்த பிசிறு அரம் படாமல் அப்படியே கூர்மையாக நின்றது. அது வயரின் மேலுறையை அறுத்து, உள்ளே செம்பு இழைகள் பாதிக்குமேல் அறுந்து, துளையைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. வயர்களை வெளியே இழுத்தபோது குழாய்க்குள்ளேயே இரண்டு இணைப்புகள் இருந்தன. வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றியவை. ஈரத்தில் டேப்பின் பசை விட்டுப்போய், முறுக்கிய செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. எல்லாவற்றையும்விட மோசமானது, பியூஸ் அடிக்கடி போகிறது என்பதற்காக அந்த இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைத்திருந்ததுதான். 35 வாட் ஹெட்லைட் பல்புக்கு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர் போதும். ஷார்ட் ஆகும்போது அதைப்போலப் பல மடங்கு மின்சாரம் பாயும். பியூஸ் இல்லாத வண்டியில் அந்தச் சூட்டை வயரே தாங்க வேண்டும், அந்த வயருக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் பெட்ரோல் டேங்க் இருக்கிறது. இந்த வேலையைச் செய்தது சமவெளியில் உள்ள ஒரு பட்டறை. அங்கே நேர்சாலையில் ஓட்டிப் பார்த்து எல்லாம் சரி என்று கொடுத்திருக்கிறார்கள்.

மலையில் வண்டி ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். குன்னூர் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. மெதுவாக ஏறும் வண்டியின் ஹேண்டில் இந்த வளைவுகளில் ஒடிவதைப்போல் சமவெளிச் சாலைகளில் ஒடிவதில்லை. ஒவ்வொரு ஒடிப்பிலும் வயர் துளையின் விளிம்பில் இழுபட்டுத் தேய்கிறது. அதாவது, விளக்கு அணையக்கூடிய இடம் பெரும்பாலும் வளைவின் நடுவாகவே இருக்கும், அதுவும் பனிமூட்டத்தில் எதிரே லாரி இறங்கிவரும் நேரமாக இருக்கலாம். 2017 ஏப்ரல் முதல் தயாராகும் இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்கும் என்பதால், பழுதுபட்ட வயரில் பகலிலும் மின்சாரம் ஓயாமல் பாய்கிறது. ஈரம் இன்னொரு பகை. சுமார் 300 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுப்பாளையத்தின் வெக்கையிலிருந்து 1,850 மீட்டர் உயரக் குன்னூரின் குளிருக்கு ஒரே மணி நேரத்தில் ஏறிவரும்போது, குழாய்க்குள் இருக்கும் காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படிகிறது. வெளியே ஓடும் வயர் வெயில் வந்தால் காய்ந்துவிடும். உள்ளே இருப்பது எளிதில் காயாது.

முறையாகச் செய்யும் வழி கடினமானதன்று, நேரம்தான் பிடிக்கும். வழக்கமான ஹேண்டில்பாரின் வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர். தகட்டின் கனம் போக உள்ளே ஏறத்தாழ 17, 18 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். பிளாஸ்டிக் கனெக்டர் அதற்குள் நுழையாது என்பதால்தான் வயரை வெட்டி மறுபடி முறுக்குகிறார்கள். வெட்டத் தேவையே இல்லை. மெல்லிய ஊசியால் கனெக்டரின் பின்களை ஒவ்வொன்றாக விடுவித்து, எந்த நிறம் எந்தக் குழியில் இருந்தது என்று குறித்துக்கொண்டு, பழைய சைக்கிள் பிரேக் கம்பியைக் குழாய்க்குள் விட்டு அதில் கட்டி இழுத்தால், ஒரு இணைப்புகூட இல்லாமல் வயர் மறுபக்கம் வந்துவிடும். நீளம் போதாவிட்டால் இணைப்பைக் குழாய்க்கு வெளியே, ஹெட்லைட் கூட்டுக்குள் வைத்து, சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். துளையின் பிசிறை உள்ளும் புறமும் அராவி, ரப்பர் வளையம் பொருத்தாமல் வயரை விடவே கூடாது. ஹேண்டிலை இருபுறமும் முழுவதும் ஒடித்தாலும் வயர் விறைக்காத அளவுக்குத் தொய்வு வேண்டும்.

துளையின் இடமும் முக்கியம். ஹேண்டில்பாரை வண்டியோடு பிணைக்கும் கிளாம்ப் இறுகப் பிடிக்கும் விளிம்பில்தான் ஹேண்டில்பாருக்கு அழுத்தம் அதிகம். அதை ஒட்டியோ, குழாய் வளையும் இடத்திலோ துளையிட்டால், குண்டுகுழியில் குலுங்கிக் குலுங்கி அங்கிருந்தே விரிசல் விடும். அலுமினிய ஹேண்டில்பாரில் துளையிட யாராவது கேட்டால் மறுத்துவிடுவதே நல்லது.

மாவட்ட நிர்வாகத்துக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் ஒரு வேண்டுகோள். 2024 மே முதல், நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் சோதனைக்காக வெளியூர் வண்டிகள் கல்லாறு, குஞ்சப்பனை போன்ற இடங்களில் எப்படியும் நிற்கின்றன. இன்ஜின் ஓடும் நிலையில் ஹேண்டிலை இருபுறமும் முழுவதும் ஒடிக்கச் சொல்லி, ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும் விடாமல் எரிகின்றனவா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கருவி எதுவும் தேவையில்லை. சைலன்சரையும் நம்பர் பிளேட்டையும் பார்க்கும் காவலர்கள் இதையும் சேர்த்துப் பார்க்கலாம். நம் மாவட்டத்தில் உள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் இருசக்கர வாகனப் பழுது பயிலும் மாணவர்களுக்கு, பின்னைக் கழற்றி வயர் இழுக்கும் இந்த முறையைச் செய்முறையாகவே கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்குப் பழைய ஹேண்டில்பார்களும் சுவிட்சுகளும் வேண்டுமென்றால், என் பட்டறையில் கிடப்பவற்றைத் தரவும், நேரில் வந்து செய்து காட்டவும் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன எலக்ட்ரீசியன்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.