இரண்டு நிமிடம் பிள்ளையைத் தனியாகப் பாருங்கள், டொக்டர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுவர் துஷ்பிரயோக வழக்குகள் பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. கைது, விளக்கமறியல், அடுத்த தவணை என்று வாசிக்கும்போதெல்லாம், இந்தப் பிள்ளை அதற்கு முன் எத்தனை தரம் டொக்டரிடம் போயிருக்கும் என்றுதான் யோசிப்பேன். வன்னியில் சிறிய வைத்தியசாலைகளில் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது பின்னேரங்களில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் நம்பர் கொடுக்கிறேன். இந்தப் பிள்ளைகள் நடந்ததைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. வயிற்றுக்குத்து, தலையிடி, மயக்கம், சலக்கடுப்பு என்றுதான் வருவார்கள். நின்றுபோயிருந்த படுக்கையில் சலம் போகிற பழக்கம் 12, 13 வயதில் திரும்பத் தொடங்கியதென்றும் சிலரைக் கூட்டிவருவார்கள்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். 14 வயது, தாய் வெளிநாட்டில். உறவுக்காரர் ஒருவர்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வருவார். எங்கே நோகிறது என்று பிள்ளையைக் கேட்டால் பதில் அவரிடமிருந்து வரும். பிள்ளை பாவாடை விளிம்பை விரலில் சுற்றிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருக்கும். சலப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. பூச்சி மருந்து, பனடோல், காஸ்ட்ரிக் குளிசை என்று கொப்பி நிரம்பிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறையும் வேறு டொக்டர். முன்பக்கத்தைப் புரட்ட யாருக்கும் நேரமில்லை. பதில் கடமைக்கு வந்த ஒரு பெண் டொக்டர்தான் கொப்பியை முதலிலிருந்து வாசித்தார். வாசித்துவிட்டு, "இந்த வயசுப் பிள்ளையள நான் தனியாத்தான் பாக்கிறனான், நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ" என்று அவரை அனுப்பினார். கதவைச் சாத்தியபின் வயிற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "வீட்டில ஆரார் இருக்கினம்? இரவில நித்திரை வருதா?" அவ்வளவுதான் கேட்டார். பிள்ளை அழத் தொடங்கிவிட்டது.

என் கோரிக்கையும் அதுதான். சந்தேகம் வந்த பிள்ளையை மட்டுமல்ல, 10 வயதிலிருந்து 19 வயதுவரை வருகிற எல்லோரையும் இரண்டு நிமிடம் தனியாகப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே முறை என்றால், கூட வந்தவர் கோபிக்க இடமில்லை. நாங்கள் இதைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம். முதலில் சிலர் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது.

ஆனால் எங்கள் பக்கத்து வைத்தியசாலைகளில் தனிமை எங்கே இருக்கிறது? அடுத்த இரண்டு நம்பர்காரர் டொக்டரின் அறைக்குள்ளேயே வாங்கில் இருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? டொக்டர் சிங்களம் மட்டும் தெரிந்தவர் என்றால் நிலைமை இன்னும் மோசம். கூட வந்தவரே மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவார். பிள்ளை பயப்படுகிற ஆளே பிள்ளைக்காகக் கதைக்கிறார். அந்த நேரத்தில் மொழி தெரிந்த ஒரு தாதியையோ குடும்பநல உத்தியோகத்தரையோ கூப்பிடுவது பெரிய காரியமில்லை.

ஆண் பிள்ளைகளையும் மறக்கவேண்டாம். சைக்கிளால் விழுந்தவன் என்று ஒரு பெடியனைக் கூட்டிவந்தார்கள். சைக்கிளால் விழுந்தால் உள்ளங்கை, முழங்கை, முழங்கால் உரசும். இவனுக்கு முதுகில் இரட்டைக் கோடு, நுனியில் வளைவு. மடித்த வயரால் அடித்தால் வருகிற தடம் அது. சேர்ட்டைக் கழற்றச் சொன்னபடியால்தான் தெரிந்தது. காது, முதுகு, தொடையின் உட்பக்கம், முன்கையில் வரிவரியான வெட்டுகள், இவற்றையெல்லாம் கண்ணால் பார்க்கவேண்டும்.

பிள்ளை சொல்லிவிட்டால் டொக்டர் பொலிஸ்காரராக மாறத் தேவையில்லை. துருவித் துருவிக் கேட்காமல், பிள்ளை சொன்னதை அதே சொற்களில் எழுதிவைத்தால் போதும். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. உன் பாதுகாப்புக்காகச் சிலரிடம் சொல்லவேண்டி வரும் என்று முதலிலேயே சொல்லவேண்டும். பாலியல் வன்முறை என்றால் நேரம் முக்கியம்: எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணித்தியாலத்துக்குள், அவசர கருத்தடை மாத்திரை 120 மணித்தியாலத்துக்குள். நாளைக்கு வா என்று அனுப்பக்கூடாது. பரிசோதனையைச் சட்ட வைத்திய அதிகாரி செய்வார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். பெரிய வைத்தியசாலைகளில், வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு உதவுகிற நட்பு நிலையங்களும் இருக்கின்றன. அப்புறம், குற்றம் செய்தவர் என்று சந்தேகிக்கப்படுகிறவரோடு பிள்ளையை அன்றிரவு திருப்பி அனுப்பவே கூடாது. பிள்ளையை வோர்ட்டில் மறித்துவைக்க வயிற்றுக்குத்து என்ற காரணமே போதும்.

இதெல்லாம் டொக்டர்மாருக்குத் தெரியாததல்ல. நெரிசலில் நினைவுக்கு வருவதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்கள் சட்ட வைத்திய அதிகாரிகளைக் கொண்டு அரை நாள் பயிற்சி ஒன்று வைக்கவேண்டும். டொக்டர்மார் மாறிக்கொண்டே இருப்பதால் அதை வருடாவருடம் வைக்கவேண்டும். பின்னேரம் தனியாராகப் பார்க்கும் குடும்ப வைத்தியர்களுக்கு அரசாங்கச் சுற்றறிக்கை வந்துசேர்வதில்லை, அவர்களையும் அழையுங்கள். நம்பர் கொடுக்கிற எங்களைப் போன்றவர்களையும் அழையுங்கள். வாங்கில் காத்திருக்கிற பிள்ளையை டொக்டரைவிடக் கூடுதலான நேரம் பார்க்கிறவர்கள் நாங்கள்.

ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
மல்லாவி.