பாதையை விட்டுவிடுங்கள், வாசல்களைக் கவனியுங்கள்

சிங்கப்பூரின் பழைய ரயில் பாதையைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தஞ்சோங் பகாரிலிருந்து கிராஞ்சி வரை 24 கிலோமீட்டர் நீளும் அந்தப் பசுமைப் பாதையில் காலையில் ஓடுகிற பலரில் நானும் ஒருவன். ஓடுகிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும் ஐம்பது வயதுக்குமேல் பாதித் தூரம் நடைதான். அடுத்து எந்தப் பகுதியைச் சீரமைக்கலாம், எங்கே விளக்குப் போடலாம் என்று நீங்கள் கூடிப் பேசும்போது எடுத்துப் பார்ப்பதற்காக இந்த மடலை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: பாதையில் இனி அதிகம் கைவைக்காதீர்கள். இருக்கிற பணத்தை அந்தப் பாதைக்கு ஏறி வரும் வழிகளில் செலவழியுங்கள்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். ஹில்வியூவிலிருந்து புக்கித் தீமா நிலையம் வரையுள்ள நான்கு கிலோமீட்டரை 2021ல் திறந்தபோது போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு அடக்கமாகச் செய்த வேலை அது என்று. பழைய இரும்புப் பாலங்களைப் பழுதுபார்த்தீர்கள், புதிதாகக் காட்டவில்லை. மறு ஆண்டு அந்த நிலையத்தையும் அழகு கெடாமல் திறந்துவிட்டீர்கள். இதைச் செய்தவர்களிடம்தான் மற்றதையும் கேட்கத் தோன்றுகிறது.

இந்தப் பாதை பச்சையாக மிஞ்சியதற்கு உண்மையில் யாருடைய திட்டமும் காரணமில்லை. யாரும் தொட முடியாமல் போனதுதான் காரணம். சிங்கப்பூருக்கும் கிராஞ்சிக்கும் நடுவே ரயில் ஓடத் தொடங்கியது 1903ல். 1918ல் ஒரு சட்டத்தின்வழி ரயில் நிலம் 999 ஆண்டுக் குத்தகைக் கணக்கில் மலாயாக் கூட்டரசு மாநிலங்களின் கைக்குப் போனது. நாம் தனிநாடான பிறகும் அது மலேசிய ரயில்வேயின் வசத்தில்தான் இருந்தது. இரு பக்கமும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகள் எழும்பின, தொழிற்பேட்டைகள் வந்தன, விரைவுச்சாலை வந்தது. நடுவில் இந்த ஒல்லியான துண்டு மட்டும் அப்படியே கிடந்தது. ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான். மிச்ச நேரமெல்லாம் செடியும் கொடியும். ஓரத்தில் வாழையும் பப்பாளியும் நட்டவர்கள் உண்டு. இந்த நிலம் பற்றி 1990ல் இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தம் இருபது ஆண்டு இழுபட்டு, 2010ல் முடிவாகி, 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் கிளம்பியது. ஓட்டிச் சென்றவர் ஜொகூர் சுல்தான். அப்புறம் தண்டவாளத்தைக் கழற்றும் முன் சில வாரம் மக்களை நடக்கவிட்டார்கள். குடும்பம் குடும்பமாக வந்து ஸ்லீப்பர் கட்டை மேல் நின்று படம் எடுத்துக்கொண்டோம். நிலம் திரும்பிவரும் முன்பே, 2010ல், இதைத் துண்டு போடாமல் முழுசாகப் பசுமைப் பாதையாக வைத்திருக்கலாம் என்று சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் எழுதிக் கொடுத்திருந்தது. நல்லவேளை, அந்த யோசனைக்குக் காது கொடுத்தார்கள்.

இங்கே ஓடுவது ஏன் இவ்வளவு சுகம் என்று யோசித்திருக்கிறீர்களா? நிழல் ஒரு காரணம்தான். பெரிய காரணம் நீராவி எஞ்சின். பாரம் இழுக்கும் ரயிலுக்கு மேடு ஆகாது. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறினாலே மூச்சு வாங்கும். அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, வளைவை மெதுவாக்கிப் போட்ட பாதை இது. புக்கித் தீமாவில் குன்று உண்டு, தெலுக் பிளாங்காவில் குன்று உண்டு. அவற்றுக்கு இடையே வந்தும் நம் கால் அதை உணர்வதில்லை. முழங்கால் டாக்டரிடம் போய் வந்த என் போன்றவர்களுக்கு இது வரம். மேற்பரப்பும் அப்படித்தான். நீர் உறிஞ்சும் சரளை, பக்கத்தில் புல். மழை பெய்தால் சில இடத்தில் சேறாகும், ஆகட்டும். தயவுசெய்து தார் போடவேண்டாம், சிமெண்டும் வேண்டாம். காலை ஒன்பது மணிக்குமேல் சிமெண்டுப் பாதையில் ஓடிப் பார்த்தவர்களுக்கு அதன் சூடு தெரியும்.

காட்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நகரத்தைப் பார்க்க வேண்டும் என்றால் எல்லாரும் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்துக்குப் போகச் சொல்வார்கள். சாலைக்கு 36 மீட்டர் மேலே நின்று ஒரு பக்கம் கடலையும் இன்னொரு பக்கம் கோபுரங்களையும் பார்க்கலாம். நானும் போவேன், ஊரிலிருந்து உறவினர் வந்தால் கூட்டிப்போவேன். அங்கே நகரம் நமக்காகப் போஸ் கொடுக்கும். ரயில் பாதையிலோ நகரம் நம்மைக் கவனிப்பதே இல்லை. குவீன்ஸ்டவுனைத் தாண்டித் தெற்கே ஓடும்போது ஒரு பக்கம் ஆயர் ராஜா விரைவுச்சாலையின் இரைச்சல் கூடவே வரும். மறுபக்கம் புளோக்குகளின் முதுகு: மூங்கில் கழியில் காயும் பள்ளிச் சீருடை, சமையலறை ஜன்னலில் எரியும் குழல்விளக்கு, குளிரூட்டியிலிருந்து சொட்டும் தண்ணீர். கம்போங் பாரு பக்கம் மரங்கள் விலகும் இடத்தில், டக்ஸ்டன் அடுக்குமாடி வீடுகளின் ஐம்பது மாடிகள் திடீரென்று மேலே வந்து நிற்கும். வடக்கே திரும்பினால் ஒன் நார்த்தின் கண்ணாடிக் கட்டடங்களில் சூரியன் ஏறுவதைப் பார்க்கலாம். ரயிலில் போனவர்கள் பார்த்த சிங்கப்பூர் இதுதான், வாசலுக்குப் பதில் கொல்லைப்புறம். இந்தக் காட்சிக்கு மேடையும் தொலைநோக்கியும் வைக்க வேண்டியதில்லை. எங்காவது ‘படம் எடுக்கும் இடம்’ என்று பலகை நட நினைத்திருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

இனி வாசல்களுக்கு வருகிறேன். மடலின் பாதி எடை இங்கேதான்.

ரயில்வேக்காரர்கள் மனிதர்களை வரவிடாமல் கட்டிய பாதை இது. மேடு கட்டியிருப்பார்கள், அல்லது பள்ளம் வெட்டியிருப்பார்கள். இரண்டுமே மக்களைத் தள்ளி வைப்பதற்கு நல்ல வழி. இந்தப் பாதைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் வசிக்கிறார்கள் என்று திட்டம் போட்டவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பத்து லட்சத்தில் எத்தனை பேருக்கு அது உண்மையிலேயே ஒரு கிலோமீட்டர்? எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தினமும் காலையில் கூடும் பெரியவர்களில் ஒரு ஆன்ட்டி இருக்கிறார். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவருக்குப் பாதை தெரியும். கால் வைக்க வேண்டுமானால் சாலையைச் சுற்றிக்கொண்டு போய்ப் படி ஏற வேண்டும். “ஏறிடுவேன் தம்பி, இறங்கத்தான் பயமா இருக்கு” என்றார். நான் அவரோடு போய்ப் பார்த்தேன். படியின் உயரம் ஒன்றுக்கொன்று வித்தியாசம். கைப்பிடி ஒரு பக்கம்தான், அதுவும் இறங்கும்போது அவருடைய நல்ல கைக்கு எதிர்ப்பக்கம். மழைக்குப் பிறகு மூன்றாம் படியில் பாசி. இதைச் சரிசெய்ய ஓவியர் வேண்டாம், வெளிநாட்டு வடிவமைப்பாளர் வேண்டாம். இரண்டாவது கைப்பிடியும் ஒரு சுரண்டும் துடைப்பமும் போதும்.

சரி, எல்லா இடத்துக்கும் அது போதாது என்பதும் தெரியும். சக்கர நாற்காலிக்கும் குழந்தைத் தள்ளுவண்டிக்கும் சாய்வுப் பாதை வேண்டும். உயரமான மேட்டில் சாய்வுப் பாதை என்றால் நீளம் அதிகமாகும், மரம் வெட்ட வேண்டிவரும், செலவும் பிடிக்கும். ஆனாலும் பாதையின் நடுவில் செலவழிக்கும் ஒவ்வொரு வெள்ளியும் ஏற்கனவே வந்து சேர்ந்தவர்களுக்குப் போகிறது. ஓரத்தில் செலவழித்தால் வர முடியாதவர்களுக்குப் போகும். என்னைப் போன்ற ஓட்டக்காரர்களுக்கு இனி எதுவும் தேவையில்லை. நாங்கள் எப்படியும் வந்துவிடுவோம், கேட்காவிட்டாலும் வருவோம்.

வடக்கே பிரச்சினை வேறு. தெற்குப் பகுதி 1932ல் புதிதாகத் திருப்பிவிட்ட பாதை என்பதால் சாலைகளைப் பாலத்தின் வழியே கடக்கும். ஒன்று ரயில் மேலே, இல்லாவிட்டால் சாலை மேலே. 1903ஆம் ஆண்டுத் தடத்தில் அந்த வசதி இல்லை. சுவா சூ காங் ரோடு, மண்டாய் ரோடு, கிராஞ்சி ரோடு என்று ரயில் நேரே சாலையின் குறுக்கே போகும். கேட் விழும், மணி அடிக்கும், லாரியும் பஸ்ஸும் வரிசையில் நிற்கும். இன்றைக்கு அந்த முறை தலைகீழ். வாகனங்கள் போய்க்கொண்டே இருக்க, நடப்பவர்கள் நின்று, சுற்றி, சிக்னல் தேடிப் போகிறார்கள். நூறாண்டு காலம் ரயிலுக்குக் கொடுத்த முன்னுரிமையில் கொஞ்சத்தை மனிதர்களுக்கும் கொடுத்தால் என்ன? சாலையைக் கடக்கும் இடம் பழைய கேட் இருந்த நேர்க்கோட்டிலேயே அமையட்டும். முதியவர்கள் அட்டையைத் தட்டினால் சிக்னலில் பச்சை மனிதன் கூடுதல் நேரம் நிற்கும் முறை 2009லிருந்து நம் ஊரில் இருக்கிறதே, அதை இந்த இடங்களில் முதலில் வையுங்கள். மேம்பாலம் கட்டுகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஆன்ட்டிக்கு மறுபடியும் படிதான் கிடைக்கும்.

விளக்கைப் பற்றி ஓட்டக்காரர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. வேலை முடிந்து இரவில் ஓடுபவர்கள் முழுப் பாதைக்கும் கேட்கிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. புக்கித் தீமா இயற்கை வனப்பகுதியை ஒட்டிய இடத்தில் இரவு நேரம் எறும்புத்தின்னிக்கும் ஆந்தைக்கும் உரியது. வெளிச்சம் வந்தால் அவை ஒதுங்கிவிடும், நமக்கு ஓட வேறு இடம் இருக்கிறது. வீடுகள் நெருங்கி நிற்கும் தெற்கில், படிகளிலும் நுழைவழிகளிலும் மட்டும் முழங்கால் உயரத்தில் மங்கலான விளக்கு வையுங்கள். எங்கே கால் இடறுமோ அங்கே வெளிச்சம் இருந்தால் போதும்.

சைக்கிளைப் பற்றி எழுதாவிட்டால் நடை நண்பர்கள் என்னை விடமாட்டார்கள். பூங்கா இணைப்புப் பாதைகளில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகலாம் என்பது சட்டம். நடப்பவர் ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். அகலமான இடத்தில் இது தொல்லையில்லை. இரும்புப் பாலங்களின் மேல்தான் தொல்லை. அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பதைச் சின்னப் பலகையில் எழுதாமல் தரையிலேயே பெரிதாக எழுதுங்கள். நடப்பவர்களும் நான்கு பேர் வரிசையாகப் பாதையை அடைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவதைக் குறைத்துக்கொள்ளலாம். எங்கள் கூட்டத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று மின்னல். உலகில் அதிகமாக மின்னல் விழும் இடங்களில் நம் ஊரும் ஒன்று. மேட்டின்மேல் திறந்த வெளியில் மாட்டிக்கொண்டால் ஒதுங்க இடமில்லை. ஆனால் தெற்கில் சாலைப் பாலங்கள் தலைக்குமேல் பல இடத்தில் போகின்றன. புதுக் கூரை கட்டாமல் அந்தப் பாலங்களுக்கு அடியில் நாலு பெஞ்சும், அடுத்த வாசல் எத்தனை மீட்டர் என்று ஒரு குறியும் வைத்துவிடுங்கள்.

கடைசியாக, ஒரு தமிழனாக ஒரு கோரிக்கை. புக்கித் தீமா நிலையத்தில் ரயிலின் கதையை அறிய ஆட்கள் வருகிறார்கள். ஒற்றைத் தடம் என்பதால் எதிரே ரயில் வராது என்பதற்கு அத்தாட்சியாக, வளையத்தில் கோத்த டோக்கனை ஓடும் ரயிலின் ஓட்டுநர் கையில் கொடுப்பார்கள். 2011 வரை அங்கே நடந்த வேலை அது. பார்வையாளர்களுக்கு அது பிடிக்கும், சரி. அதோடு தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்து நடந்த கேங்மேன், கேட்டை இறக்கி ஏற்றியவர், சரளை சுமந்தவர் ஆகியோரைப் பற்றியும் தாராளமாகச் சொல்லுங்கள். அவர்களில் தமிழர்கள் நிறைய. இன்று காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், 1930களில் ரயில்வே ஊழியர்கள் குவீன்ஸ்வே பக்கம் வைத்துக் கும்பிட்ட சிறிய கோயிலிலிருந்து வளர்ந்தது. பாதையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். பாதையில் வருபவர்களுக்கு அங்கே போக ஒரு வழிகாட்டி அம்பு இருந்தால் நன்றாக இருக்கும். அந்தக் குடும்பங்களில் சிலர் இன்னும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள்; கேட்டு எழுத இப்போதே ஆரம்பித்தால்தான் உண்டு.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் கேட்கவில்லை. கைப்பிடியும் பாசியும் இந்த மழைக்காலத்துக்குள் முடியக்கூடிய வேலை. வடக்கே அந்த மூன்று சாலைகளில் எதை முதலில் எடுக்கப்போகிறீர்கள் என்று மட்டும் தெரியப்படுத்துங்கள். பதில் தமிழில் இருந்தால் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் படித்துக்காட்ட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
குவீன்ஸ்டவுன்வாசி ஒருவர்