வற்றாத ஆறும் வறண்ட ஆறும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் உயர் சமவெளி பற்றி எழுதுகிறவர்கள் தட்டையான நிலம், மாடு, தூசிக்காற்று என்று முடித்துவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. அங்கே கதையே தண்ணீர்தான். தெற்கு டகோட்டாவிலிருந்து டெக்சஸ் வரை 8 மாநிலங்களுக்கு அடியில் ஒகலாலா நிலத்தடி நீர் கிடக்கிறது.

நெப்ராஸ்காவின் மணல்குன்றுகளைப் பாருங்கள். சுமார் 50,000 சதுர கிலோமீட்டருக்கு மணல்மேடுகள், மேலே புல் போர்த்தியிருக்கிறது. பெய்கிற மழை வழிந்தோடாமல் மணலுக்குள் இறங்கி, பள்ளங்களில் ஏரியாகவும் ஈரப் புல்வெளியாகவும் எட்டிப்பார்த்து, அப்புறம் லூப், டிஸ்மல் ஆறுகளாக வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் ஓடுகிறது. அங்குள்ள மாட்டுப்பண்ணைக்காரர்கள் அந்த மணலை உழுவதில்லை. உழுதால் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். மேய்ச்சல் நிலமாக விட்டதால்தான் அந்தப் புல் பிழைத்தது என்பது என் உறுதியான கருத்து.

மேற்குக் கான்சஸில் நிலைமை வேறு. கார்டன் சிட்டி, டாட்ஜ் சிட்டி பக்கம் ஆர்கன்சா ஆறு பெரும்பாலும் வெறும் மணல்தடம். மேலே கொலராடோவில் தண்ணீரைத் திருப்புகிறார்கள், கீழே மோட்டார் போட்டு நிலத்தடி நீரை உறிஞ்சுகிறார்கள். கான்சஸுடன் செய்த 1949 நதிநீர் ஒப்பந்தத்தைக் கொலராடோ மீறியது என்று உச்ச நீதிமன்றமே 1995-ல் சொன்னது.

பிளாயா எனும் ஆழமில்லாத களிமண் குட்டைகள் மழைக்கு நிரம்பி, தெற்குச் சமவெளியில் நிலத்தடிக்கு நீர் இறக்குகின்றன. அவற்றிலும் பலவற்றை உழுது தூர்த்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் குட்டைகளைச் சுற்றிப் புல் வரப்பு விட, பண்ணைக்காரர்களுக்கு அரசு தாராளமாகப் பணம் கொடுக்க வேண்டும்.